சாட்சிக் கூண்டும் மின்திரையும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

நீதிமன்றம் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது சாட்சிக் கூண்டு. திரைப்படங்கள் நமக்கு அப்படிக் கற்பித்துவிட்டன. ஆனால் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர் கூண்டுக்கு எப்படி வருவார்? பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டவர் எப்படி வருவார்? நாளைக் காலை கப்பலேறப் போகும் மாலுமியை எங்கே தேடுவது? இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நமக்கு இவை வெறும் கற்பனைக் கேள்விகள் அல்ல.

என் பெரியப்பாவின் வழக்கில் முக்கியமான சாட்சிகள் இருவர். இருவருமே கூண்டில் ஏறவில்லை. ஒருவரைத் தேடி விசாரணை அவர் வீட்டுக்கே வந்தது. மற்றவர் மின்திரையில் தோன்றினார். இரண்டையும் உடனிருந்து பார்த்தவன் என்ற முறையில், சாட்சியம் பதிவு செய்யும் இவ்விரு வழிகளைப் பற்றியும் நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மகிழ மரத்தடியில்

சாட்சி நிற்கும் இடத்துக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை நம் திருவொற்றியூர்க் கதையே சொல்லும். சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. தாம் சன்னதியில் சத்தியம் செய்யும்போது இறைவன் அங்கிராமல் மகிழ மரத்தடியில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். இறைவனோ இசைந்துவிட்டு, சங்கிலியாரிடமும் கனவில் விவரத்தைச் சொல்லிவிட்டார். சத்தியம் மகிழ மரத்தடியிலேயே கேட்கப்பட்டது. பிறகு அதை மீறி ஊர் எல்லையைக் கடந்த சுந்தரர் கண்ணிழந்தார் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. யார் முன்னிலையில் நின்று சொல்கிறோம் என்ற கேள்வி அவ்வளவு பழையது.

மன்றம் சாட்சியைத் தேடி வருதல்

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 26-ஆவது கட்டளை என்ற பகுதி உண்டு. நோயாலோ தளர்ச்சியாலோ நீதிமன்றம் வர இயலாதவரை விசாரிக்க, நீதிமன்றம் ஒருவரைக் கமிஷனராக நியமிக்கலாம் என்கிறது அது. பெரும்பாலும் ஒரு வழக்குரைஞரே கமிஷனராக அமர்த்தப்படுவார். அவர் சாட்சியின் இருப்பிடம் சென்று, உறுதிமொழி பெற்று, இருதரப்பு வழக்குரைஞர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளைப் பதிவு செய்து, அறிக்கையுடன் மன்றத்துக்கு அனுப்புவார். விசாரணையின்போது எழும் ஆட்சேபணைகளை அவர் குறித்துக்கொள்ளலாமே தவிர, முடிவு செய்யக்கூடாது. அது நீதிமன்றத்தின் வேலை.

துறைமுக மக்களுக்கு மிகவும் வேண்டிய மற்றொரு விதி, 18-ஆவது கட்டளையின் 16-ஆவது விதி. சாட்சி நீதிமன்ற எல்லையை விட்டுப் போகவிருந்தால், வழக்குத் தொடுத்த பின் எந்த நேரத்திலும் அவரை உடனே விசாரித்துவிடும்படி கேட்கலாம். 2017-ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி, எண்ணெய் கசிந்து நம் கடற்கரையெல்லாம் கறுத்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய நிகழ்ச்சிகளைக் கண்ணால் கண்டவர்கள் பெரும்பாலும் கப்பலில் இருப்பவர்களே. கப்பல் புறப்பட்டால் சாட்சியும் புறப்பட்டுவிடுவான். இன்று சம்மன் அனுப்பினால் அடுத்த மாதம் எந்தக் கடலில் அவனைத் தேடுவது?

ஓர் எழுத்து

பெரியப்பா துறைமுகத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தார். ஒரு நாள் கப்பலின் அடித்தளத்தில் நிற்கையில், கிரேன் தூக்கிய சிலிங் அறுந்து மூட்டைகள் அவர்மேல் விழுந்தன. இடுப்பெலும்பு முறிந்தது. மூட்டைகளைச் சேர்த்துக் கட்டித் தூக்கும் வடத்தைத்தான் துறைமுகத்தில் சிலிங் என்போம். இழப்பீடு கேட்டபோது, 'அந்த ஆள் அன்று கப்பலில் வேலையே செய்யவில்லை. அடிபட்டது வேறெங்கோ' என்றது எதிர்த்தரப்பு. 1923-ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீட்டு ஆணையரிடம் மனுச் செய்தோம். சாட்சிகளை வரவழைத்து உறுதிமொழியின்பேரில் விசாரிக்க, உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு.

முதல் சாட்சி, அன்று வேலையை நடத்திய மேஸ்திரி மாமா. வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அவரைப் பக்கவாதம் தாக்கிவிட்டது. காசிமேட்டில் அவருடைய ஒற்றை அறை வீட்டுக்கே கமிஷனர் அம்மையார் வந்தார். கட்டில் ஓரத்தில் அவர். வாசற்படியில் மடிக்கணினியுடன் தட்டச்சர். சுவரோரம் நின்றபடி இரு வழக்குரைஞர்கள். குழறிய பேச்சில் மாமா விடை சொன்னார். ஒரு மணி நேரம் ஆயிற்று.

முடிவில் பதிவானதைப் படித்துக் காட்டினார்கள். மாமா கையெழுத்திடவில்லை. "மறுபடியும் மெதுவாப் படிம்மா" என்றார். அம்மையாரும் பொறுமையாகப் படித்தார். "சீலிங் இடிந்து அவர்மேல் விழுந்தது" என்ற இடம் வந்ததும், நல்ல கையை உயர்த்தி, "கப்பல்ல ஏதும்மா சீலிங்கு? சிலிங்கு! அறுந்துதும்மா, இடியல" என்றார்.

அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூரை இடிந்து விழுந்தது என்று பதிவாகியிருந்தால், விபத்து ஏதோ கிடங்கில் நடந்தது என்று ஆகியிருக்கும். எதிர்த்தரப்புக் கேட்டதும் அதைத்தானே? ஒரு குறிலுக்கும் நெடிலுக்கும் இடையே எங்கள் வழக்கு ஊசலாடியது. சாட்சி பேச்சை மாற்றுகிறார் என்று எதிர்த்தரப்பு வழக்குரைஞர் ஆட்சேபித்தார். கமிஷனர் திருத்தத்தையும் எழுதினார், ஆட்சேபணையையும் எழுதினார். அதுவே முறை.

திரையில் வந்த சாட்சி

மின்திரை விசாரணைக்கு நம் நாட்டில் வழி திறந்தது, மகாராட்டிர அரசுக்கும் மருத்துவர் பிரபுல் தேசாய்க்கும் இடையிலான வழக்கு. அமெரிக்காவில் இருந்த ஒரு மருத்துவர் சாட்சி சொல்ல இசைந்தார். ஆனால் இந்தியா வர இசையவில்லை. குற்றவியல் வழக்கில் சாட்சியம் எதிரியின் முன்னிலையில் பதிவாக வேண்டும் என்பது சட்டம். 'முன்னிலை' என்றால் உடலால் ஒரே அறையில் இருப்பது மட்டும்தானா? இல்லை, காணொலி வழியே ஒருவரையொருவர் கண்டும் கேட்டும் நடப்பதும் முன்னிலையே என்று 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரல் 6 அன்று, அதே நீதிமன்றம் காணொலி விசாரணைக்குப் பொதுவழி வகுத்தது. ஆனால் சாட்சியம் பதிவதை மட்டும் இருதரப்பும் ஒப்பினாலன்றிச் செய்யலாகாது என்று அப்போது கட்டுப்படுத்தியது. வாதத்தைத் திரையில் கேட்பது வேறு. சாட்சியைத் திரையில் விசாரிப்பது வேறு என்பதை இதிலிருந்து அறியலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் மின்னணு வழிச் சாட்சியத்தை வெளிப்படையாகவே ஏற்றுள்ளது.

எங்கள் இரண்டாம் சாட்சி, பெரியப்பாவின் அருகில் நின்று வேலை செய்தவர். பிறகு சொந்த ஊரான தூத்துக்குடிக்கே திரும்பிவிட்டார். அங்கிருந்து சென்னைக்கு வந்து போவதென்றால் இரண்டு இரவு பயணம், மூன்று நாள் கூலி நட்டம். வாய்தா தள்ளிப்போனால் எல்லாம் வீண். தூத்துக்குடி நீதிமன்ற வளாகத்திலிருந்து திரையில் பேசியதால் அவருக்கு அரை நாளோடு போயிற்று.

ஆனால் திரையிலும் தொல்லை இருந்தது. குறுக்கு விசாரணையில் அவர் பார்வை அடிக்கடி பக்கவாட்டில் போயிற்று. யாரோ சொல்லிக் கொடுப்பதாக எதிர்த்தரப்பு ஐயுற்றது. கேமராவை அறை முழுதும் திருப்பிக் காட்டச் செய்தார்கள். நீதிமன்ற ஊழியர் ஒருவரைத் தவிர யாரும் இல்லை. எங்கள் முகம் தெரிந்த திரை அவருக்குப் பக்கத்தில் இருந்ததாம்! "அன்று கப்பலில் எத்தனை பேர்?" என்ற கேள்விக்கான விடையின்போது ஒலி அறுந்தது. கேள்வியை மீண்டும் கேட்டு, விடையை மீண்டும் சொல்ல வைத்துத்தான் எழுதினார்கள். அவரிடம் காட்ட வேண்டிய வருகைப் பதிவேட்டின் நகலை முன்னதாகவே அனுப்பியிருந்ததால் அந்தச் சிக்கல் மட்டும் எழவில்லை.

எது மேல்?

நேரில் விசாரித்தால் சாட்சியின் முகக்குறிப்பு முழுமையாகத் தெரியும். சாட்சியின் நடத்தை பற்றித் தம் கருத்தைக் குறித்துவைக்க நீதிபதிக்குச் சட்டம் இடமளிக்கிறது. திரையில் முகம் தெரியும். நடுங்கும் கால் தெரியாது. ஆனால் நேரில் வந்தால்தான் சாட்சி என்றால், ஏழையின் சாட்சி பல வேளைகளில் வரவே மாட்டான். நடுங்கும் காலைப் பார்க்க விரும்பி, ஆளையே இழந்துவிடக் கூடாது.

என் எண்ணம் இதுதான். கூண்டா, கட்டிலா, திரையா என்பது இரண்டாவது கேள்வி. எதிர்த்தரப்பு தடையின்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடிந்ததா? சாட்சியின் அருகே சொல்லிக் கொடுப்பவர் இல்லை என்று உறுதியானதா? சொன்னது சொன்னபடி எழுதப்பட்டு, சாட்சிக்குப் படித்துக் காட்டப்பட்டதா? இம்மூன்றும் இருந்தால் எந்த இடமும் மகிழ மரத்தடியே. இவை இல்லையேல், உயர் நீதிமன்றத்தின் கூண்டில் நின்றாலும் பயனில்லை.

நம்மில் பலர் நாளை ஏதேனும் ஒரு வழக்கில் சாட்சியாக அழைக்கப்படலாம். அல்லது எழுதப் படிக்கத் தெரியாத உறவினருக்குத் துணையாகப் போகலாம். அப்போது ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: படித்துக் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம். புரியாவிட்டால் மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்பது தவறன்று.

பெரியப்பாவின் வழக்கில் உத்தரவு இன்னும் வரவில்லை. அவர் கைத்தடி ஊன்றியபடி வாய்தாவுக்குப் போய் வருகிறார். மேஸ்திரி மாமா சென்ற தை மாதம் காலமாகிவிட்டார். அவர் சொன்ன சொல் மட்டும், சரியான எழுத்தோடு, கோப்பில் இருக்கிறது.