வாடிக்கையாளரின் முகவரியும் ஓர் அமானிதமே

பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் கடன் கொப்பியையும் கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்கும் எமது வியாபாரிகளிற் பலர், இன்னொரு சொத்தைக் கவனியாது விட்டுவிடுகின்றனர். வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரிகளும் தொலைபேசி இலக்கங்களும் அடங்கிய பட்டியலே அச்சொத்தாகும். முகாமையாளரின் கையடக்கத் தொலைபேசியில் பாதியும், மேசை லாச்சியிலுள்ள விசிட்டிங் கார்ட்டுகளில் மீதியுமாக அது சிதறிக் கிடக்கும். பெருநாள் நெருங்கியதும் எல்லாவற்றையும் அள்ளியெடுத்து, எல்லோருக்கும் ஒரே விளம்பரத்தை அனுப்புவார்கள். பலன் கிடைக்காவிட்டால், "ஈமெயிலில் வியாபாரம் நடக்காது" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

குறை ஈமெயிலில் இல்லை. பட்டியலைச் சேர்த்த விதத்திலும் பராமரித்த விதத்திலுமே இருக்கிறது.

முதலில் அனுமதி

மின்னஞ்சல் அனுப்பச் செலவு மிகக் குறைவு. அதனாலேயே கேளாதவர்களுக்கும் அனுப்பும் ஆசை பிறக்கிறது. 1978 மே 3 ஆம் திகதி, அமெரிக்கக் கணனி நிறுவனமொன்றில் பணியாற்றிய கெரி துவர்க் என்பவர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்கு விற்பனை அறிவித்தல் ஒன்றை அனுப்பினார். பெற்றவர்களிடமிருந்து கடும் ஆட்சேபம் எழுந்தது. கேளாமல் வரும் மடல்களின் மீதான வெறுப்பு அன்றிலிருந்து கூடியதேயன்றிக் குறையவில்லை.

பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று, ஸலாம் கூறியே நுழைய வேண்டும் என்பதையும், திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்பதையும் சூரா அந்நூரின் 27, 28 ஆம் வசனங்கள் எமக்குக் கற்பிக்கின்றன. ஒருவரின் அஞ்சல் பெட்டியும் அவருடைய வாசலைப் போன்றதே. இந்த ஒழுக்கத்தை வியாபாரத்திலும் பேணுவது எமக்குச் சிரமமாக இருக்கக் கூடாது.

வாடிக்கையாளர் பணம் செலுத்தும்போது, "புதிய சரக்கு வந்தால் அறிவிக்கலாமா? மாதம் ஒரு தடவைதான் அனுப்புவோம்" என்று கேளுங்கள். சம்மதித்தால் மட்டும் முகவரியை எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் ஒரு சிறிய உறுதிப்படுத்தல் மடலை அனுப்பி, அவர் பதிலளித்த பின்னரே பட்டியலில் சேருங்கள். ஓரெழுத்து பிழைத்தாலும் மடல் வேறொருவருக்குப் போய்ச் சேரும். அதனை இந்த ஒரு மடல் தடுத்துவிடும்.

முகவரிகளை விலைக்கு விற்போரிடம் ஒருபோதும் வாங்காதீர்கள். விற்பவர் தமக்கு உரிமையில்லாததையே விற்கிறார். அதிலுள்ளவர்கள் உங்கள் கடையின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராதவர்கள். வாங்கிய 5,000 முகவரிகளைவிட, விரும்பித் தந்த 200 முகவரிகள் பெறுமதியானவை.

பதிவேடு எவ்வாறு இருக்க வேண்டும்?

சாதாரண எக்ஸெல் தாளொன்று போதும். பின்வருவன அதில் இருக்கட்டும்:

1. பெயரும் முகவரியும்
2. சம்மதம் தந்த திகதி, எவ்வாறு தந்தார் என்பது
3. அவர் அறிய விரும்புவது. புடைவைக் கடையாயின் மொத்தமா, சில்லறையா? பயண முகவராயின் ஹஜ்ஜா, உம்ராவா, விமானச் சீட்டா?
4. விலகிய திகதி

மூன்றாவது விடயமே வியாபாரத்தைத் தருவது. புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கும் கண்டிக் கடைக்காரருக்குச் சில்லறைத் தள்ளுபடி அறிவித்தலால் பயனில்லை. அவருக்கு வேண்டியது மொத்த விலைப்பட்டியலே.

முகவரி பிழையென்று ஒரு மடல் திரும்பி வந்தால் அதனை உடனே நீக்குங்கள். பெட்டி நிரம்பியிருப்பதாகத் திரும்பினால் இன்னும் ஓரிரு தடவை பார்க்கலாம். இல்லாத முகவரிகளுக்குத் தொடர்ந்து அனுப்புபவரை அஞ்சல் சேவை நிறுவனங்கள் சந்தேகத்துடனேயே நோக்கும்.

பட்டியல் கடைக்குரிய கணக்கில் இருக்க வேண்டும், ஊழியரின் சொந்தத் தொலைபேசியில் அல்ல. அவர் வேலையை விட்டுச் செல்லும்போது வாடிக்கையாளரும் கூடவே சென்றுவிடக்கூடும்.

ஒரே தவறில் எல்லாம் போகலாம்

பேருவளை சீனன்கோட்டையில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாங்கொக், ஹொங்கொங் நகரங்களிலுள்ள 60 கொள்வனவாளர்களுக்குப் புதிய நீலக்கற்களின் படங்களை அனுப்புகிறார். எல்லா முகவரிகளையும் "டூ" அல்லது "சிசி" என்ற இடத்தில் இட்டால், 60 பேரும் மற்றைய 59 பேரின் முகவரிகளையும் காண்பர். அம்மடல் போட்டி வியாபாரியொருவரின் கைக்குப் போனால், பல வருட உழைப்பு ஒரே நிமிடத்தில் அவருக்குச் சொந்தமாகிவிடும். தமது பெயர் வெளியானதைக் கொள்வனவாளர்களும் விரும்பமாட்டார்கள்.

ஆகக் குறைந்தது "பிசிசி" என்ற இடத்திலேயே முகவரிகளை இட வேண்டும். அப்போது ஒருவர் மற்றவரைக் காணமாட்டார். சாதாரண ஜீமெயில் கணக்கிலிருந்து நாளொன்றுக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. பட்டியல் வளர்ந்ததும் மெயில்சிம்ப், பிரெவோ போன்ற சேவையொன்றுக்கு மாறுவது நல்லது. இவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்புவதோடு, விலகுவோரையும் திரும்பும் முகவரிகளையும் தாமாகவே நீக்கிவிடும்.

வட்ஸ்அப் பாவிப்போருக்கும் இது பொருந்தும். வாடிக்கையாளர்களைக் குழுவொன்றில் சேர்த்தால் எல்லோரின் இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். "புரோட்காஸ்ட்" பட்டியலில் அவ்வாறு தெரியாது. ஆனால் உங்கள் இலக்கத்தைத் தமது தொலைபேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கே அதன் செய்தி கிடைக்கும்.

போக விரும்புபவருக்கு வழி விடுங்கள்

ஒவ்வொரு மடலின் அடியிலும் "இனி வேண்டாமெனில் பதில் அனுப்புங்கள்" என்றோ, விலகுவதற்கான இணைப்பொன்றோ இருக்க வேண்டும். வேண்டாமென்றவரிடம் காரணம் கேட்டு வற்புறுத்தாதீர்கள். அவருடைய பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்து, "அனுப்பக்கூடாதோர்" என்ற தனித் தாளில் முகவரியை மட்டும் குறித்து வையுங்கள். முற்றாக அழித்துவிட்டால், பழைய விசிட்டிங் கார்ட்டிலிருந்து இன்னொரு ஊழியர் அவரை மீண்டும் சேர்த்துவிடுவார்.

விலக வழியில்லாதவர் சும்மா இருப்பதில்லை. "ஸ்பாம்" என்ற பொத்தானை அழுத்திவிடுவார். 1,000 மடல்களுக்கு 3 என்ற அளவை முறைப்பாடுகள் எட்டக்கூடாது என்பது கூகுள் நிறுவனம் 2024 பெப்ரவரியில் நடைமுறைப்படுத்திய விதி. நாளொன்றுக்கு 5,000 இற்கு மேல் அனுப்புவோர் ஒரே அழுத்தலில் விலகும் வசதியை வழங்கி, 2 நாட்களுக்குள் நீக்கவும் வேண்டும். முறைப்பாடு கூடினால் விலைப்பட்டியலைக் கேட்டுக் காத்திருக்கும் நல்ல வாடிக்கையாளருக்கும் உங்கள் மடல் போய்ச் சேராது. நட்டம் அங்கேதான்.

கடைக்குச் சொந்த இணையப் பெயர் இருப்பின், எஸ்பிஎஃப், டிகேஐஎம் ஆகியவற்றை அமைத்துத் தருமாறு இணையத்தளத்தைச் செய்தவரிடம் கேளுங்கள். மடல் உண்மையில் உங்கள் கடையிலிருந்தே வருகிறது என்பதற்கான அடையாளங்கள் இவை.

சட்டம் சொல்வது

எமது நாட்டின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதமின்றி வியாபாரச் செய்திகளை அனுப்ப இடமளிக்கவில்லை. கட்டணமின்றி விலகும் வழியையும் அறிவிக்க வேண்டும் என்கிறது. ஒரு மீறலுக்கு 10 மில்லியன் ரூபா வரை தண்டம் விதிக்கவும் அதில் ஏற்பாடு உண்டு. கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வரும் வகையில் ஆக்கப்பட்ட சட்டம் இது. தண்டத்துக்குப் பயந்தே ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் நம்பித் தந்ததைப் பேணுவது ஏற்கெனவே எம்மீதுள்ள கடமையாகும்.

எனவே, இவ்வாரம் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்குங்கள். இருக்கும் முகவரிகளை ஒரே தாளில் எழுதுங்கள். சம்மதம் தந்தவர் யார், தராதவர் யார் எனப் பிரியுங்கள். தராதவர்களிடம் அடுத்த முறை கடைக்கு வரும்போது நேரில் கேளுங்கள். பட்டியல் பாதியாகக் குறைந்தாலும் கவலை வேண்டாம். எஞ்சியிருப்பவர்கள் உங்கள் மடலைத் திறந்து பார்ப்பவர்கள். அல்லாஹ் எமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக!