டெல்லி நாவல் பழத்தில் ஜாம்: சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் பாட்டில் தாங்குமா?

ஜூன் கடைசியில் முதல் மழை விழுந்ததும் டெல்லியின் அசோகா சாலை, துக்ளக் சாலை நடைபாதைகள் ஊதா நிறமாகிவிடும். நசுங்கிய நாவல் பழத்தில் பைக் டயர் வழுக்கும் சீசன் அது. புதுடெல்லியைக் கட்டியபோது சாலையோர நிழலுக்காக நட்ட மரங்கள் இவை. பழம் பறிக்கும் உரிமையை என்.டி.எம்.சி ஏலம் விடுவது வழக்கம். எடுத்தவர்கள் கிளையில் ஏறி உலுக்க, கீழே நாலு பேர் துணியை விரித்துப் பிடிப்பார்கள். நாவல் கிளை சட்டென்று முறியக்கூடியது. தள்ளுவண்டிக்காரர் விலை சொல்லும்போது பேரம் பேசுவதற்கு முன் அதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இந்த சீசன் ஒரு மாதம்தான். அதை ஒரு பாட்டிலில் பிடித்து அடுத்த ஜனவரியில் பிரெட்டில் தடவ முடியுமா? முடியும். ஆனால் ரீல்ஸ்களில் வரும் 'சர்க்கரை கம்மி, பிரிசர்வேடிவ் இல்லை, ஆறு மாசம் வெளியிலேயே இருக்கும்' என்ற மூன்றும் ஒரே பாட்டிலில் சேராது. ஏன் என்பதுதான் விஷயம்.

பிளாக் கரண்ட் ஜாம்தானே கேட்டேன், நாவல் எதற்கு?

ஐஸ்கிரீமில் நமக்குப் பழகிய பிளாக் கரண்ட், குளிர்நாட்டுப் புதரில் காய்க்கும் பழம். நீண்ட குளிர்காலம் இல்லாவிட்டால் சரியாகக் காய்க்காது. அமெரிக்காவில் பைன் மரங்களைத் தாக்கும் பூஞ்சை நோயைப் பரப்புகிறது என்று 1911இல் இதைப் பயிரிடவே தடை போட்டார்கள். பிரிட்டனிலோ இரண்டாம் உலகப் போரின்போது ஆரஞ்சு வரத்து குறைந்ததால், வைட்டமின் சி-க்காகக் குழந்தைகளுக்கு இதன் சிரப்பைக் கொடுத்தார்கள்.

டெல்லி கடைகளில் 'பிளாக் கரண்ட்' என்று உலர்ந்த வடிவில் கிடைப்பது பெரும்பாலும் சின்னக் கருந்திராட்சை. கிரேக்கத்தின் கொரிந்த் ஊர்ப் பெயரிலிருந்து வந்த 'கரண்ட்' என்ற சொல் முதலில் அந்த உலர்திராட்சைக்குத்தான் இருந்தது. புதர்ப் பழத்துக்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. அதனால் ஆன்லைனில் அந்தப் பாக்கெட்டை வாங்கி ஜாம் கிண்டினால் திராட்சை ஜாம்தான் வரும். அதே அடர் ஊதா, அதே புளிப்பு, கூடவே நம்ம ஊர் துவர்ப்பு வேண்டுமென்றால் நாவல்தான் பக்கத்தில் வரும்.

ஜாம் ஏன் கெடுவதில்லை?

பழத்தில் தண்ணீர் அதிகம். பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் வாழ அந்தத் தண்ணீர் வேண்டும். சர்க்கரை போட்டுக் கொதிக்கவைக்கும்போது ஒரு பகுதி ஆவியாகிப் போகிறது. மிச்சத்தைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்கிறது. ஈரம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் கிருமியால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஊறுகாயில் உப்பு செய்யும் அதே வேலை.

இதற்கு ஓர் அளவு இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2011 விதிகளின்படி, ஜாம் என்று பெயர் போட்டு விற்க அதில் கரைந்த திடப்பொருள் குறைந்தது 65 சதவீதம் இருக்க வேண்டும். அதில் பெரும்பங்கு சர்க்கரை. வீட்டுச் சமையலுக்குப் பாடப்புத்தகங்கள் சொல்லும் கணக்கு இன்னும் எளிது: 1 கிலோ சர்க்கரை போட்டால், கொதித்து முடிந்த ஜாம் சுமார் 1.5 கிலோ எடைக்கு வரும்போது அடுப்பை அணைக்கலாம்.

இப்போது சர்க்கரையைப் பாதியாக்குங்கள். கெட்டிப்பட்ட மாதிரி தெரியும், ருசியும் நன்றாகவே இருக்கும். ஆனால் பூஞ்சைக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டது. டெல்லி ஜூலையின் புழுக்கத்தில் திறந்த பாட்டில் சில நாள்கூடத் தாங்காமல் போகலாம். மேலே வெள்ளைப் படலம் வந்தால் கரண்டியால் அதை மட்டும் எடுத்துவிட்டுச் சாப்பிடுகிற பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு; அது வேண்டாம், பூஞ்சையின் நச்சு கீழேயும் இறங்கியிருக்கலாம். குறைந்த சர்க்கரை ஜாம் தப்பில்லை. அது ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு, மூன்று வாரத்தில் தீர்க்க வேண்டிய பொருள், அவ்வளவுதான்.

ஒரு முக்கியமான கிளைக்கதை. 'நாவல் சுகருக்கு நல்லதாச்சே, அப்பாவுக்கு அனுப்பலாம்' என்று தோன்றும். பழத்தைப் பற்றிய நம்பிக்கையை ஜாமுக்குக் கடத்தாதீர்கள். ஒரு டேபிள்ஸ்பூன் ஜாமில், அதாவது சுமார் 20 கிராமில், ஏறக்குறைய 13 கிராம் சர்க்கரை. மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அப்படியே வாயில் போடுவதற்குச் சமம்.

எப்படிச் செய்வது?

ஔவைப் பாட்டியிடம் முருகன் கேட்ட கேள்வி இங்கே நிஜமாகவே உதவும். ஜாமுக்கு சுட்ட பழமும் வேண்டும், சுடாத பழமும் வேண்டும். நன்றாகக் கனிந்த பழத்தில் இனிப்பும் நிறமும் இருக்கும். ஜாமை உறையவைக்கும் பெக்டின் குறைந்திருக்கும். இன்னும் முழுக்கப் பழுக்காத பழத்தில் பெக்டினும் புளிப்பும் கூடுதல். நாலில் ஒரு பங்கு அப்படிப்பட்டதாக எடுங்கள், அதற்கு மேல் போனால் நாக்கு இழுத்துக்கொள்ளும். பிளாக் கரண்டில் பெக்டின் தாராளம், நாவலில் அவ்வளவு கிடையாது. அதனால் ஒரு புளிப்பான பச்சை ஆப்பிளைத் தோலோடு துருவிச் சேர்ப்பது நல்லது. தரையில் விழுந்து கிடப்பதைப் பொறுக்க வேண்டாம். ரோட்டுத் தூசியை ஊதித் தின்னலாம் என்பது கதையில் மட்டும்.

கழுவிய பழத்தைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு 10 நிமிடம் வேகவைத்து, மசித்து, பெரிய கண் சல்லடையில் தேய்த்தால் கொட்டை தனியாக வந்துவிடும். கிடைத்த கூழை எடை போடுங்கள். 1 கிலோ கூழுக்கு 1 கிலோ சர்க்கரை, இரண்டு எலுமிச்சையின் சாறு. அடி கனமான, அகலமான பாத்திரத்தில் கிளறிக்கொண்டே கொதிக்கவிடுங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 104 டிகிரி செல்சியஸ் வந்ததும் நிறுத்தலாம். சென்னையில் என்றால் 105. டெல்லி கடல் மட்டத்திலிருந்து சுமார் 216 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீரே இங்கே கொஞ்சம் முன்னதாகக் கொதித்துவிடும். தெர்மாமீட்டர் இல்லையா? ஒரு தட்டை ஃப்ரீசரில் வைத்து, அதில் ஒரு சொட்டு ஜாம் விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். சுருக்கம் விழுந்தால் பதம்.

பாட்டிலில் அடைப்பதுதான் பாதி வேலை

சர்க்கரை பாக்டீரியாவைத் தடுத்தாலும், சில பூஞ்சைகள் 65 சதவீதத்திலும் பிழைக்கும். அவற்றுக்குக் காற்று வேண்டும். எனவே காற்றை வெளியேற்ற வேண்டும். நெப்போலியன் காலத்தில் ராணுவ உணவுக்காக நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுச் சமையல்காரர் இதைக் கண்டுபிடித்து 1810இல் புத்தகமாகவே போட்டார். கிருமிதான் காரணம் என்று லூயி பாஸ்டர் விளக்கியது அதற்கும் பல பத்தாண்டுகள் கழித்து.

கழுவிய கண்ணாடி பாட்டில்களை 10 நிமிடம் கொதிநீரில் வையுங்கள். மூடி புதிதாக இருக்க வேண்டும். பழைய ஊறுகாய் பாட்டிலை எடுத்தாலும் அதன் உள்பக்க ரப்பர் வளையம் ஒருமுறைதான் சரியாகப் பிடிக்கும். ஜாம் சூடாக இருக்கும்போதே, மேலே அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம் இடம் விட்டு நிரப்புங்கள். விளிம்பைத் துடைத்து மூடுங்கள். அடியில் துணி போட்ட பாத்திரத்தில், மூடிக்கு மேல் 2.5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும்படி வைத்து 10 நிமிடம் கொதிக்கவிட்டு எடுங்கள். சூடான பாட்டிலை நேராகக் கிரானைட் மேடையில் வைத்தால் விரிசல் விடும், ஒரு துண்டு விரித்து வையுங்கள். 12 மணி நேரம் கழித்து மூடியின் நடுப்பகுதி உள்ளே குழிந்திருக்க வேண்டும். அழுத்தினால் 'டிக் டிக்' என்று மேலெழுந்தால் சீல் ஆகவில்லை. அதை ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்கள். சீல் ஆனது வெளிச்சமும் சூடும் படாத அலமாரியில் ஓராண்டு இருக்கும். திறந்த பிறகு எதுவானாலும் ஃப்ரிட்ஜ்தான், ஈரக் கரண்டி கூடாது.

இதே முறையில் தொக்கும் சாம்பாரும் அடைக்கலாமா?

கூடாது. பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் சாதாரணக் கொதிநீரில் சாகாது. காற்றில்லாத இடத்தில், புளிப்பு குறைவாக இருந்தால், அதாவது பி.எச். அளவு 4.6க்கு மேல் போனால், அவை முளைத்து நரம்பை முடக்கும் நச்சை உண்டாக்கும். வாசனையோ ருசியோ மாறாமலே இது நடக்கலாம். பழ ஜாமில் புளிப்பும் சர்க்கரையும் அதைத் தடுக்கின்றன; எலுமிச்சையைச் சேர்ப்பது ருசிக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். காய்கறி, பருப்பு, எண்ணெயில் ஊறிய பூண்டு இவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவற்றை அடைக்க 116 டிகிரிக்கு மேல் அளந்து காட்டும் பிரெஷர் கேனர் வேண்டும். நம்ம குக்கரின் விசில் எண்ணிக்கை அந்த வேலைக்கு ஆகாது. ஊரிலிருந்து வரும் தொக்கை ஃப்ரிட்ஜிலேயே வையுங்கள்.

நண்பர்களுக்குக் கொடுப்பதோடு நிற்காமல் வாட்ஸ்அப் குரூப்பில் விற்கப் போகிறீர்களா? வீட்டு அடுப்பில் செய்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேண்டும். பாட்டிலில் செய்த தேதி இருக்க வேண்டும். 'ஜாம்' என்று லேபிள் ஒட்டினால் அந்த 65 சதவீதக் கணக்கோடு பழம் குறைந்தது 45 சதவீதம் என்ற விதியும் உங்களுக்குப் பொருந்தும்.