பதினான்குக்கும் பதினெட்டுக்கும் நடுவே ஒரு கணக்கு

2011 கணக்கெடுப்பில் காஞ்சிபுரம் நகராட்சியின் மக்கள்தொகை 1,64,384. முஸ்லிம்கள் நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று மேல், ஏறக்குறைய 8,600 பேர். மாநிலத்தில் உள்ளதுபோலவே இங்கும் 13 முதல் 17 வயதினர் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கொண்டால், ஒலிமுகமதுபேட்டையையும் மற்ற தெருக்களையும் சேர்த்து 700 பிள்ளைகள் தேறுவார்கள். அந்த வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாக 2015-16 தேசிய மனநல ஆய்வு கண்டது. 700 பேரில் அது 51.

இது விகிதம் போட்ட கணக்கு, வீடு வீடாக எண்ணியதல்ல. ஆனாலும் 51 என்பது ஜமாஅத்துக்குள் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்து, போய்ப் பார்த்துப் பேசிவிடக்கூடிய எண்ணிக்கை. இந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ‘ஒழுக்கம் போய்விட்டது, தொழுகைக்கு வருவதில்லை’ என்றுதான் பெரியவர்கள் தொடங்குகிறார்கள். பிள்ளைகள் தலையில் எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்பதை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

காஞ்சிப் பட்டின் நூலிலிருந்தே தொடங்கலாம். இந்த ஊர்த் தறிக்கு வரும் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்தினுடையது; ராமநகரம் பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, கர்நாடகம், உத்தரப்பிரதேசம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட பிள்ளைகளைப் பற்றியது. காஞ்சிபுரமும் அதில் இருக்கிறது. கர்நாடகத்தில் நூல் இழுக்கும் ஆலைகளிலும் முறுக்கு ஆலைகளிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் தலித், முஸ்லிம் பிள்ளைகள். கூடு வேகும் கொதிநீரில் வெறுங்கையை விட்டு, இழை பிரிந்துவிட்டதா என்று தடவிப் பார்ப்பது அவர்கள் வேலை. இங்கே காஞ்சியில், கரையை உடலோடு சேர்க்கும் கோர்வை நெசவில் நெசவாளருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா வாங்கிக் கொடுக்க ஒரு சின்னக் கை தேவைப்பட்டது. காஞ்சித் தறிகளில் இப்படி உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்துப் பிள்ளைகள். ஒரே சேலைக்கு இரண்டு சமயத்துப் பிள்ளைகளின் கையும் போயிருக்கிறது.

அந்த அறிக்கை தரும் எண்கள்: நாளுக்கு 12 மணி நேரம் அல்லது அதற்கு மேல், வாரத்துக்கு ஆறரை நாள். கூலி ஒன்றுமில்லை என்பதிலிருந்து மாதம் ரூ.400 வரை. பெற்றோர் வாங்கிய முன்பணம் ரூ.1,000 முதல் ரூ.10,000 வரை. மாதம் 28 நாள் என்று வைத்தால் 336 மணி நேரம், ரூ.400 கூலியே கிடைத்தாலும் மணிக்கு ரூ.1.20 தேறாது. கூலி முழுவதையும் கடனில் கழித்திருந்தால் ரூ.10,000 இருபத்தைந்து மாதத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் கூலியைக் கடனில் கழிப்பது வழக்கமில்லை. பிள்ளை நின்றால் மொத்தப் பணத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும். அல்லது தம்பியை அனுப்ப வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பதை 1933லேயே தடுத்தார்கள். பெற்றோருக்கு அபராதம் ரூ.50, வேலைக்கு வைத்தவருக்கு ரூ.200. 1976 சட்டம் கொத்தடிமைக் கடன் செல்லாது என்றது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அபாயகரமான வேலையில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி ரூ.20,000 கட்ட வேண்டும் என்றது. பிறகு இந்தியாவும் அமெரிக்காவும் ஆளுக்குப் பாதி போட்டு 4 கோடி டாலரில் குழந்தைத் தொழிலாளரை மீட்கும் இண்டஸ் திட்டம் வந்தது. காஞ்சிபுரம் மாவட்டமும் அதில் இருந்தது. இலக்கு 80,000 பிள்ளைகள், தலைக்கு 500 டாலர். 14 முதல் 17 வயதினருக்குத் தொழிற்பயிற்சி என்று தனியாக ஒதுக்கியது அதன் சிறப்பு. 2009இல் திட்டம் முடிந்தது.

அந்த வயதுதான் இன்னமும் ஓட்டையாக இருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு நிற்கிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகும் குழந்தைத் தொழிலாளர் தடையின் முழுப் பாதுகாப்பு 14 வரைதான்; அதற்கு மேல் அபாயகரமான தொழில் மட்டுமே குற்றம். மதிய உணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. சிறுபான்மையினருக்கான பள்ளிப் படிப்பு உதவித்தொகை 2022-23இல் 9, 10ஆம் வகுப்புக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் 10, 11, 12 மூன்று வகுப்புக்கும் சேர்த்து ஊக்கத்தொகை ரூ.5,000, அதாவது மாதத்துக்கு ரூ.139. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ரூ.1,000 கல்லூரி வாசல் தாண்டிய பிறகுதான் வரும். வாசல்வரை போகவே பலரால் முடிவதில்லை. 2001இல் தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரியான 73.5ஐவிட அதிகம். ஆனால் நாடு முழுவதும் எடுத்தால், மக்கள்தொகையில் 14.2 விழுக்காடாக இருப்பவர்கள் 2020-21 உயர்கல்விச் சேர்க்கையில் 4.6 விழுக்காடுதான்.

பதினைந்து வயதில் புத்தகப்பையை வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறவனை ஒழுக்கம் கெட்டவன் என்று எந்தக் கணக்கில் எழுதுவது? அத்தாவின் கடன், தங்கை நிக்காஹ், வீட்டு வாடகை என்று எண்ணிப் பார்த்துத்தான் அவன் போகிறான். நம்பி ஒப்படைத்ததைக் காப்பாற்று, பெற்றவர்களைக் கைவிடாதே என்று ஓதும் பள்ளியில் கற்றதை அவன் அப்படியே நடத்திக்காட்டுகிறான். அந்த நல்ல குணமே அவனைப் படிப்பிலிருந்து பிடுங்குகிறது. எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இது.

மார்க்கம் அவனுக்குத் தெம்பு தருகிறதா, நெருக்குகிறதா என்பதற்கும் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமெண்ட் அமைத்த சுருக்கப் படிவத்தில் 14 வாக்கியங்கள். ஏழு, இறைவனை நாடி ஆறுதல் கொள்வது. மற்ற ஏழு, அவன் என்னைக் கைவிட்டான், தண்டிக்கிறான் என்று மருகுவது. 49 ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வந்த பகுப்பாய்வு, முதல் வகை மனத்துக்கு நலம் என்றும், இரண்டாவது வகை சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்து வருகிறது என்றும் கண்டது. இரண்டு வகையினருமே தொழலாம், நோன்பும் வைக்கலாம்; வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஜும்ஆ பயானில் ஹஜ்ரத் பாவத்தையும் வேதனையையும் மட்டுமே பேசினால், ஏற்கெனவே தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருக்கும் பையன் இரண்டாவது ஏழுக்குள் போய்விடுவான். சபர், தவக்குல், தவ்பா என்று தெம்பு தரும் சொற்களும் அதே மிம்பரில்தான் இருக்கின்றன.

கடைசியாக ஜகாத். குர்ஆன் 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனம் அதைப் பெறத் தகுந்தவர்களாக எட்டு வகையினரைச் சொல்கிறது. அடிமைத்தளையை விடுவிப்பது ஒன்று, கடனில் சிக்கியவர்கள் இன்னொன்று. ரூ.4,00,000 சேமிப்புக்கு இரண்டரை விழுக்காடு ரூ.10,000. 2003 அறிக்கையில் ஒரு பிள்ளையைக் கட்டிப்போட்ட கடனின் உச்ச அளவும் அதுவே. அந்தக் கடன் சட்டப்படி செல்லாதது. ஆகவே முதலாளியிடம் ஒரு பைசாவும் கொடுக்கத் தேவையில்லை. வருவாய்த்துறையில் விடுவிப்புச் சான்று வாங்கினால், மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் பிள்ளைகளுக்கு ரூ.2,00,000 வரை உண்டு. ஆனால் முழுத்தொகை வழக்கின் முடிவுக்குக் காத்திருக்கும். உடனே கைக்கு வருவது ரூ.30,000 வரைதான். அந்தக் காத்திருப்புக் காலத்தில் வீட்டு அடுப்பு எரியவும், பையன் பன்னிரண்டாவது முடிக்கவும் ஜமாஅத்தின் பைத்துல்மால் பணம் போகட்டும். ஒரு பிள்ளைக்கு மாதம் ரூ.1,000 வைத்தால் முதலில் சொன்ன 51 பேருக்கு ஆண்டுக்கு ரூ.6,12,000. தலா நாலு லட்சம் சேமிப்புள்ள 62 வீடுகளின் ஜகாத் அதற்குப் போதும்.