இரண்டு நாள் குமரிப் பயணம்: எதற்குத் தீர்வு உண்டு, எதற்கு இல்லை

வெள்ளிக்கிழமை மாலை எழும்பூரில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை முக்கடல் சங்கமம். ஞாயிறு மாலை திரும்பினால் திங்கள் வகுப்புக்குப் போய்விடலாம். உள்ளூர் மாணவர்களும், பரிமாற்றத் திட்டத்தில் சென்னைக்கும் திருச்சிக்கும் வந்து படிக்கும் வெளிநாட்டு மாணவர்களும் வாரக் கடைசியில் குமரிக்கு வர இந்த வசதி போதும். 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைத்தபின் ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது.

புறப்படும்போது பலருக்கும் இருப்பது பணத்தைப் பற்றிய பயம்தான். பணம், செல்போன், பாஸ்போர்ட் எது போனாலும் சட்டத்தில் வழி இருக்கிறது. கடலில் போன உயிருக்கு எந்த வழியும் இல்லை. எச்சரிக்கையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கடல்

2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். நண்பர் வீட்டுத் திருமணத்துக்காக நாகர்கோவில் வந்தவர்கள் அவர்கள். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்திருந்தது.

கள்ளக்கடலுக்கு இங்கே காற்றோ மழையோ வேண்டியதில்லை. தெற்கு இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பலத்த காற்று கிளப்பிய அலைகள், நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் ஏறும். வானம் தெளிந்திருக்கும், வெளியூர்க்காரருக்கு ஆபத்தின் அடையாளமே தெரியாது. கடப்புறத்து மீனவர்களுக்குத் தெரியும். இறங்குமுன் அவர்களில் ஒருவரிடம் கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் மறுபேச்சு பேசாதீர்கள்.

இன்னொன்று இழுவை நீரோட்டம். இருபுறமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகத் தெரியும் இடத்தில், கரையேறிய நீர் மொத்தமும் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கலாம். நீச்சல் தெரியாதவர்கள் பாதுகாப்பு என்று நம்பி இறங்குவது அங்கேதான். சிக்கினால் கரையை நோக்கி நீந்திச் சோர்ந்துவிடாதீர்கள். மிதந்தபடி கையை உயர்த்திக் காட்டுங்கள். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுவை விட்டதும் கரைக்குத் திரும்புங்கள். கரையில் நிற்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குதிப்பதால் சாவுதான் கூடும். கயிறோ காலி கேனோ எறிந்துவிட்டு உடனே ஆள் கூப்பிடுங்கள்.

கடல் சீற்றத்தால் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகை நிறுத்திவிட்டால், ‘நான் கூட்டிப்போகிறேன்’ என்று வரும் தனியார் வள்ளத்தில் ஏறாதீர்கள். கழகத்தின் படகிலும் உயிர்காப்பு உடையைக் கழற்றாதீர்கள்.

பணமும் பொருளும்

இணையத்தில் தேடினால் கிடைக்கும் விடுதி எண்கள் எல்லாம் அந்த விடுதிகளுடையவை அல்ல. முன்பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயர் விடுதியின் பெயரோடு பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் ‘திரும்பப் பெற’ யாரும் பின் எண் போட வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். மோசடிக்காரர் எடுப்பதற்குள் பணத்தை முடக்கும் வாய்ப்பு, நேரம் ஆக ஆகக் குறையும்.

பொருள் திருடுபோனால் ‘அது எங்கள் எல்லை இல்லை’ என்று காவல் நிலையம் திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்குப் பிறகும் நடக்கவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

விடுதியோ வண்டி ஏற்பாட்டாளரோ சொன்ன சேவையைத் தரவில்லை என்றால், முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியுங்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குக்காக நாகர்கோவிலுக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்கலாம். அவகாசம் 2 ஆண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ரசீதும் உரையாடல் பதிவும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ரயில் நீங்கள் ஏறும் நிலையத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து, நீங்கள் பயணம் செய்யாவிட்டால், முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ரயில் கிளம்புவதற்கு முன்பே, பணம் திரும்பக் கோரும் டி.டி.ஆர். பதிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு மாணவருக்கும் வீட்டுக்காரருக்கும்

வெளிநாட்டவர் தங்கினால், விடுதி நடத்துபவர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 2025-இல் வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலும் இந்தக் கடமை தொடர்கிறது. கல்லூரித் தோழனை வீட்டுக்கு அழைத்துவந்து இரண்டு நாள் தங்கவைக்கும் குடும்பங்களும் இதைச் செய்துவிட வேண்டும். இந்த இணைய வசதியில் தங்களைப் பதிந்துவைக்காத விடுதிகள் வெளிநாட்டவரை வாசலில் வைத்து மறுக்கலாம். ஆகவே முன்பணம் தருவதற்கு முன்பே கேளுங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையப் புகார், அடுத்து தங்கள் நாட்டுத் தூதரகம், பிறகு வெளிநாட்டவர் பதிவு அலுவலகம். பாஸ்போர்ட், விசா நகல்களை மின்னஞ்சலில் போட்டுவைத்தால் மூன்று இடத்திலும் அலைச்சல் குறையும்.

புறப்படுமுன் செல்போனில் பதிய வேண்டிய எண்கள்

அவசர உதவி: 112
ஆம்புலன்ஸ்: 108
கடலோரப் பாதுகாப்புக் குழுமம்: 1093
கடலோரக் காவல் படை: 1554
ரயில் உதவி: 139
இணைய நிதி மோசடி: 1930
நுகர்வோர் உதவி: 1915
சுற்றுலாப் பயணிகளுக்குப் பல மொழிகளில் உதவி: 1363