பெரியவர்களை உட்கார வைக்காதீர்கள்

மறதி நோய் என்று பெரியவர்களை அழைத்து வருகிறவர்கள் அநேகமாக ஒரு நாளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவர் காணாமல் போன நாள். திண்டிவனம் பஸ் நிலையத்தில் இறங்கி ஊருக்குப் போகும் பஸ் எதுவென்று தெரியாமல் நின்றிருப்பார். இல்லை, விழுப்புரம் ஜங்ஷனில் யாரோ பார்த்துப் போன் செய்திருப்பார்கள். கொஞ்சம் கிளறிக் கேட்டால் இரண்டு மூன்று வருடக் கதை வெளியே வரும். சில்லறைக் கணக்கு தப்பியது, குழம்பு அடிக்கடி கருகியது, சாப்பிட்டு முடித்த கையோடு மறுபடி சாப்பாடு கேட்டது. “ஆயாவுக்கு வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டோம் டாக்டர்.”

நடுவில் மேல்மலையனூர் கோயில் அமாவாசையும் உண்டு. சாமி கும்பிடுவதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் மூன்று அமாவாசை பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரி என்பது என்ன கணக்கு?

“கழனியில் உழைத்த உடம்புக்கு வராது”

இந்தப் பக்கம் அதிகம் கேட்கும் நம்பிக்கை இது. மறதி நோய் பட்டணத்துக்காரர் வியாதி, மல்லாட்டை பிடுங்கிய கைக்கும் நாற்று நட்ட முதுகுக்கும் வராது என்கிறார்கள். 2023இல் வெளியான ஒரு தேசிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

உழைப்பு வீணா என்றால், இல்லை. சிக்கல் உழைப்பு நிற்கிற இடத்தில் இருக்கிறது. பிள்ளை சென்னையில் வேலைக்குப் போனதும், “போதும்பா, இனிமே உக்காருங்க” என்கிறான். பாசம்தான், சந்தேகமில்லை. கழனி குத்தகைக்குப் போகிறது, மாட்டை விற்றாகிவிட்டது, கடைக்குப் போகிற வேலை பேரனுக்கு. நேற்று வரை பத்துப் பேரோடு பேசி, கணக்குப் பார்த்து, நாலு இடம் நடந்த மனிதர் திண்ணையிலும் டி.வி. முன்னாலும் கிடக்கிறார். நடை, பேச்சு, பொறுப்பு மூன்றும் ஒன்றாகப் போய்விடுகின்றன. மூளைக்கு இதைவிடக் கெடுதலான ஓய்வு எனக்குத் தெரியாது.

காதையும் சொல்ல வேண்டும். காது மந்தமானவரிடம் வீட்டில் பேச்சைக் குறைத்துவிடுகிறார்கள், அவரும் ஒதுங்கிவிடுகிறார். கேளாமையும் தனிமையும் மறதி நோயின் அபாயப் பட்டியலில் இருப்பவை. கண்ணாடி போடக் கூச்சப்படாதவர்கள் காதுக் கருவி என்றால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

மருந்துக்கடை வைத்தியம்

ராத்திரி தூங்கவில்லை என்று கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். சளிக்கு, அரிப்புக்கு என்று வாங்கும் பழைய வகை மாத்திரைகள் சிலவும் வயதானவர்களின் புத்தியைக் குழப்பும். தடுமாறி விழுந்து தலையில் அடிபடும். சில வாரம் கழித்து மூளைக்கு மேலே ரத்தம் சேர்ந்து, பேச்சும் நடையும் மாறலாம். ஆபரேஷனில் சரியாகக்கூடிய அதையும் “வயசு” என்றே விட்டுவிடுகிறார்கள்.

வல்லாரையைத் துவையல் அரைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. அது மறதி நோயை நிறுத்தும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. லேபிள் இல்லாத டப்பாவில் வரும் ஞாபக லேகியம் வேறு சங்கதி, அப்படி விற்கும் சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்திருக்கின்றன. குறைபாடு இல்லாதவர்கள் மறதியைத் தடுக்க பி, ஈ வைட்டமின்களையோ ஒமேகா-3ஐயோ விழுங்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது. டானிக்குக்கு மாதம் ஆயிரம் செலவழிக்கும் அதே வீட்டில் பிரஷர் மாத்திரை பாதியில் நின்றிருக்கும். கேட்டால், “தலை சுத்தல் நின்னுடுச்சே!”

நடை எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் வரை ஒரு வருடம் நடந்த முதியவர்களுக்கு நினைவைக் காக்கும் மூளைப் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்தது. நடக்காமல் வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களுக்குச் சுருங்கியது. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரில் பாதிப் பேரிடம் உடற்பயிற்சி, உணவு, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கவனிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் இரண்டு வருடத்தில் சிந்தனைச் சோதனைகளில் மேலாக இருந்தார்கள்.

ஆனால் பிரிட்டனில் ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்குக் கடும் பயிற்சி கொடுத்தபோது உடம்பில் தெம்பு கூடியதே தவிர, மறதியின் வேகம் குறையவில்லை. 2018இல் வந்த முடிவு அது. தாமதமாக வருகிறவர்களிடம் நான் கோபப்படுவது இதனால்தான்.

லான்செட் ஆணையம் 2024இல் 14 அபாயங்களைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் உலகில் பாதிக்குச் சற்றுக் குறைவான மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, அதிகக் குடி, தலைக்காயம் எல்லாம் அதில் அடக்கம். பைபாஸில் ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு பறக்கும் தம்பிகளுக்கும் இது பொருந்தும். பட்டியலை முழுக்கச் சரிசெய்தாலும் சிலருக்கு நோய் வரும். யாருக்கும் உத்தரவாதம் கொடுக்க என்னால் முடியாது.

பரிசோதனை

மறதி என்று வந்தால் முதலில் பார்ப்பவை இவைதான்: ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, பி12, தேவைப்பட்டால் ஒரு ஸ்கேன். இதற்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கே வரலாம்.

தயவுசெய்து

நாற்பது வயதுக்காரர்களே, பிரஷரை இந்த வாரமே பாருங்கள். மாத்திரை எழுதினால் நீங்களாக நிறுத்தாதீர்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வாங்கிப் பரணில் வைக்கவா? வாரம் 150 நிமிடம், பேச முடியும், ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடங்கள். நெடுஞ்சாலை ஓரம் வேண்டாம், ஏரிக்கரையோ பள்ளி மைதானமோ போதும். சித்திரை வெயிலில் ஆறு மணிக்கே முடித்துவிடுங்கள். முழங்கால் வலி என்றால் பத்துப் பத்து நிமிடமாக நடக்கலாம்.

பிள்ளைகளுக்கு ஒன்று. அப்பா பால் வாங்கப் போகட்டும், ரேஷன் கடைக் கணக்கை அம்மாவே பார்க்கட்டும். பத்து ரூபாய் தவறினால் தவறட்டும். அது மாதாமாதம் தவற ஆரம்பித்தால் ஆயாவையோ தாத்தாவையோ அந்த மாதமே கூட்டிக்கொண்டு வாருங்கள். கூடவே அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், கடையில் வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.