ஒரே பட்டனில் எவ்வளவு வேகம் கூடும்?

சீனாவின் கலர்ஃபுல் நிறுவனம் ஐகேம் என்ற வரிசையில் கிராஃபிக்ஸ் கார்டுகளை விற்கிறது. அவற்றில் பலவற்றின் பின்பக்கத்தில், மானிட்டர் கேபிள் செருகும் இடத்தை ஒட்டி ஒரு சிறிய பட்டன் இருக்கும். அதை அழுத்திவிட்டுக் கணினியை மறுபடி ஆன் செய்தால் கார்டு சற்றே கூடுதல் வேகத்தில் ஓடத் தொடங்கும். ஓவர்க்ளாக்கிங் என்ற கலையை ஒரு விரல் அழுத்தத்தில் அடக்கிய ஏற்பாடு இது. அந்த அழுத்தத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது, பலன் எவ்வளவு என்று பார்ப்போம்.

ஒவ்வொரு சிப்பும் கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப வேலை செய்கிறது. 2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்கு என்விடியா குறித்த பூஸ்ட் வேகம் 1,710 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 171 கோடி துடிப்பு. ஒரே அச்சில் வார்த்த சிப்புகளானாலும் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. சில சிப்புகள் குறைந்த வோல்டேஜிலேயே வேகமாக ஓடும், சில திணறும். திணறுவதும் கோடையில் பல மணி நேரம் தாங்கவேண்டும் என்பதால், தயாரிப்பாளர் கொஞ்சம் இடம் விட்டே வேகத்தைக் குறிப்பார். விட்டுவைத்த அந்த இடத்தை எடுத்துக்கொள்வதுதான் ஓவர்க்ளாக்கிங்.

அதற்கு விலை உண்டு. சிப் குடிக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட வோல்டேஜையும் பத்து சதவீதம் ஏற்ற நேர்ந்தால், மின்செலவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியேறவேண்டும்.

ஐகேம் பட்டன் செய்வது எளிய வேலை. கார்டில் இரண்டு பயாஸ்கள் உண்டு. ஒன்றில் சாதாரண வேகம், இன்னொன்றில் கூட்டிய வேகம். பட்டன் ஒன்றை விட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த வேகத்தைத் தாங்கும் என்று தொழிற்சாலையே முடிவு செய்திருப்பதால் தயக்கமின்றி அழுத்தலாம். வேறு வகை ஒரு தொடுதலும் இருக்கிறது. 2018-இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையோடு வந்த என்விடியா ஸ்கேனர் உங்கள் கார்டையே சோதிக்கும். ஒவ்வொரு வோல்டேஜ் நிலையிலும் வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, கணக்கு எங்கே தப்பாகிறது என்று பார்த்து, அதற்குக் கீழே நிறுத்திக்கொள்ளும். பட்டன் எல்லாச் சிப்புக்கும் ஒரே அளவைத் தருகிறது, ஸ்கேனர் உங்கள் சிப்பின் அளவைத் தேடுகிறது. இரண்டில் ஸ்கேனரே எனக்கு உயர்வாகப் படுகிறது.

பலன் எவ்வளவு? 1,710-ஐ 1,800 ஆக்கினால் ஐந்து சதவீதம். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடிய விளையாட்டில் அதிகபட்சம் 63. கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவு குறைவாகக் கிடைக்கக் காரணம், அந்த வேலையைக் கார்டே ஏற்கெனவே செய்துவிடுவதுதான். 2012 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 680-இல் என்விடியா ஜிபியு பூஸ்ட் என்ற முறையைக் கொண்டுவந்தது. அடிப்படை வேகம் 1,006 மெகாஹெர்ட்ஸ், வழக்கமான பூஸ்ட் 1,058. மின்சாரமும் வெப்பமும் வரம்புக்குள் இருக்கும்வரை கார்டு தானாகவே ஏறிக்கொள்ளும். பின்னர் வந்த ஒவ்வொரு தலைமுறையும் இதை இன்னும் இறுக்கியது. பயனருக்கென்று மிச்சமிருந்த இடத்தைச் சிப்பே கணத்துக்குக் கணம் செலவழித்துவிடுகிறது. பழைய வன்பொருளை நினைத்து ஏங்குபவர்கள் இழந்தது அந்த இடத்தைத்தான் என்பது என் எண்ணம்.

அது ஒருகாலத்தில் எவ்வளவு அகலமாக இருந்தது என்பதற்கு இன்டெல்லின் செலரான் 300ஏ நல்ல சான்று. 1998 ஏப்ரலில் இன்டெல் முதல் செலரானை இரண்டாம் நிலை கேஷ் இல்லாமலே விற்று விமர்சனத்துக்கு ஆளானது. ஆகஸ்டில் வந்த 300ஏ-வில் 128 கேபி கேஷைச் சிப்புக்குள்ளேயே வைத்தது. பென்டியம் 2-வின் கேஷ் 512 கேபி என்றாலும் சிப்புக்கு வெளியே, பாதி வேகத்தில் ஓடியது. 300ஏ-வில் இருந்தது சிறியது, ஆனால் முழு வேகம். சிப்பின் பெருக்கல் எண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸோடு பெருக்கினால் 300. மதர்போர்டில் பஸ்ஸை 100-க்கு மாற்றினால்? 450. மிகப் பல சிப்புகள் அந்த வேகத்தில் அசராமல் ஓடின. சுமார் 150 டாலர் சிப், 650 டாலரைத் தாண்டிய பென்டியம் 2 450-க்கு விளையாட்டுகளில் ஈடுகொடுத்தது. ஏபிட் பிஎச்6 போர்டில் ஜம்பரைத் தொடாமல் பயாஸ் திரையிலேயே இதைச் செய்யலாம். அந்த வசதியில்லாத சில போர்டுகளில், சிப் அட்டையின் பி21 என்ற தொடுமுனையை ஒரு துண்டு டேப்பால் மறைத்தார்கள். போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் சிப் என்று எடுத்துக்கொண்டது.

2000-இல் வந்த ஏஎம்டி ட்யூரான், அத்லான் தண்டர்பேர்டு சிப்புகளில் பென்சிலே போதும். சிப்பின் மேல்பரப்பில் அறுத்துவிடப்பட்டிருந்த எல்1 இணைப்புகளின் மேல் பென்சிலால் கோடு போட்டால், கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்திப் பெருக்கல் எண்ணின் பூட்டைத் திறந்துவிடும். கிராஃபிக்ஸ் கார்டில் ஏடிஐ ரேடியான் 9500-ஐச் சொல்லவேண்டும். உள்ளே இருந்தது உயர்ந்த விலை 9700-இன் அதே ஆர்300 சிப், எட்டு பைப்லைன்களில் நான்கை மூடி விற்றார்கள். மாற்றியமைத்த டிரைவர் மூலம் அந்த நான்கையும் திறந்தவர்கள் உண்டு. மூடிய பகுதி உண்மையிலேயே பழுதாக இருந்தால் திரையில் சதுரங்கக் கட்டம் தெரியும், அவ்வளவுதான், பழைய டிரைவருக்குத் திரும்பிவிடலாம். இதையெல்லாம் செய்து பார்த்தவர்களுக்குச் சிப் எப்படி ஓடுகிறது என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையிருக்கவில்லை.

பழைய கேபினட்களின் டர்போ பட்டனும் இங்கே நினைவுக்கு வரும். அதன் வேலை நேர்மாறானது. 1981-இன் ஐபிஎம் பிசி 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அந்த வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதிய விளையாட்டுகள் புதிய கணினிகளில் ஆடமுடியாத வேகத்தில் பறந்தன. அவற்றுக்காக வேகத்தைக் குறைக்கத்தான் டர்போவை அணைத்தார்கள். பக்கத்தில் ஒளிர்ந்த மெகாஹெர்ட்ஸ் எண் எதையும் அளந்து காட்டியதல்ல. பொருத்தியவர் ஜம்பரில் அமைத்த எண்தான் தெரிந்தது.

இன்றைய கார்டில் கைவைக்க விரும்பினால், பட்டனைவிட அண்டர்வோல்ட் செய்வது பயனுள்ளது. அதே வேகத்தைக் குறைந்த வோல்டேஜில் ஓட்டுவது அது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருள் போதும். வேகம் பெரும்பாலும் அப்படியே இருக்க, சூடும் ஃபேன் சத்தமும் இறங்கும். நினைவகத்தின் வேகத்தைக் கூட்டும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. ஜிடிடிஆர்5 முதலே நினைவகம் பிழையைக் கண்டறிந்து தரவைத் திரும்ப அனுப்பும். அதனால் எல்லை தாண்டினாலும் திரை கெடாமல் இருக்கலாம், ஃப்ரேம் எண்ணிக்கை மட்டும் சத்தமில்லாமல் குறையும். எண்ணை ஏற்றிய ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள்.

அந்தப் பழைய அகலம்தான் வேண்டும் என்றால் செலரானும் அதற்குப் பொருந்தும் 440பிஎக்ஸ் சிப்செட் போர்டும் இன்றும் பழைய பொருள் சந்தையில் கிடைக்கின்றன. வாங்கினால் மின்சாரம் கொடுக்குமுன் போர்டிலுள்ள கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். அந்தக் காலத்தை ஒட்டி வந்தவற்றில் பலவற்றின் தலை வீங்கி, பழுப்பாகக் கசிந்திருக்கும். அவற்றை மாற்றிய பிறகு பஸ்ஸை 66-இலேயே வைத்து ஒருமுறை முழுதாக ஓட்டிவிட்டு, அப்புறம் 100-க்குப் போங்கள்.