அகோபோ ஐ.நா. அமைதிப்படை முகாம் தாக்குதல் (2013)

அகோபோ முகாம் தாக்குதல் என்பது தென் சூடானின் சொங்லி மாநிலத்தில், எத்தியோப்பிய எல்லையை ஒட்டிய அகோபோ நகரில், 2013 திசம்பர் 19 அன்று ஐக்கிய நாடுகள் அவையின் அமைதிப்படை முகாம் மீது நடத்தப்பட்ட தாக்குதலாகும். இதில் இந்தியப் படைவீரர்கள் இருவரும், முகாமில் அடைக்கலம் புகுந்திருந்த பொதுமக்கள் பலரும் கொல்லப்பட்டனர்.

பின்னணி

தென் சூடான் 2011 சூலை 9 அன்று விடுதலை பெற்றது. புதிய நாட்டுக்கு உதவ ஐ.நா. பாதுகாப்பு அவை அங்கு ஓர் அமைதிப்படையை அமைத்தது. பொதுமக்களைக் காப்பதும் அதன் பணிகளுள் ஒன்று. சொங்லி மாநிலத்தில் இந்தியப் படைப்பிரிவு பணியாற்றியது.

2013 திசம்பர் 15 அன்று தலைநகர் சூபாவில், குடியரசுத் தலைவர் சல்வா கீருக்கும் பதவி நீக்கப்பட்டிருந்த முன்னாள் துணைத் தலைவர் ரீக் மச்சாருக்கும் ஆதரவான படையினரிடையே மோதல் வெடித்தது. கீர் திங்கா இனத்தவர். மச்சார் நூயர் இனத்தவர். எனவே அரசியல் பூசல் சில நாட்களிலேயே இனப்பகையாக மாறிப் பிற மாநிலங்களுக்கும் பரவியது.

தாக்குதல்

அகோபோ நூயர் மக்கள் மிகுதியாக வாழும் நகரம். அங்கிருந்த திங்கா இனத்தவர் 30-க்கும் மேற்பட்டோர் உயிருக்கு அஞ்சி ஐ.நா. முகாமுக்குள் புகுந்தனர். முகாமில் இருந்த இந்திய வீரர்கள் 43 பேர். காவல் ஆலோசகர்களும் பொதுப் பணியாளர்களும் சிலர் இருந்தனர். ஐ.நா.வின் கணிப்பின்படி, ஏறத்தாழ 2,000 ஆயுதமேந்திய நூயர் இளைஞர்கள் முகாமைச் சூழ்ந்து சுட்டனர். அடைக்கலம் புகுந்தவர்களே அவர்களின் இலக்கு. இந்திய வீரர் ஒருவர் காயமுற்றார். எஞ்சியவர்கள் பின்னர் வானூர்தி மூலம் வெளியேற்றப்பட்டனர்.

முகாம் வீழ்ந்தது ஏன்?

அமைதிப்படை என்பது போர்ப்படை அன்று. மோதும் தரப்புகளின் இசைவு, நடுநிலை, தற்காப்புக்கும் ஒப்படைக்கப்பட்ட பணியைக் காப்பதற்கும் மட்டுமே ஆயுதப் பயன்பாடு ஆகிய மூன்றும் அதன் அடிப்படைகள். சிறிய முகாம்களுக்கு உண்மையான அரண் வேலியும் துப்பாக்கியும் அல்ல; நீலத் தலைக்கவசத்துக்குச் சுற்றியுள்ளோர் தரும் மதிப்பே. அம்மதிப்பு அகன்றதும் 43 பேரால் 2,000 பேரைத் தடுக்க இயலவில்லை. ஆயினும் வந்தவர்களை வெளியே நிறுத்திக் கதவடைப்பது பணியையே கைவிடுவதாகும்.

விளைவுகள்

திசம்பர் 24 அன்று பாதுகாப்பு அவை 2132-ஆம் தீர்மானத்தின் வழியே படைவீரர்களின் உச்ச எண்ணிக்கையை 12,500 ஆகவும், காவலர்களின் எண்ணிக்கையை 1,323 ஆகவும் உயர்த்தியது. பிற நகரங்களிலும் ஐ.நா. முகாம்கள் மக்களுக்குத் திறந்தே இருந்தன. பின்வந்த ஆண்டுகளில் ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் அவற்றில் தங்கினர். அங்கும் ஆபத்து நீங்கவில்லை. 2014 ஏப்ரல் 17 அன்று போர் நகர முகாம் தாக்கப்பட்டதில் ஏறத்தாழ 50 பேர் இறந்தனர். அங்கே தாக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நூயர் இனத்தவர்.

சட்ட நிலை

ஐ.நா. பணியாளர்களின் பாதுகாப்புக்கான உடன்படிக்கை 1994-இல் ஏற்கப்பட்டது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் உரோம் சட்டம், பொதுமக்களுக்குரிய பாதுகாப்பைப் பெறும் அமைதிப்படையினரை வேண்டுமென்றே தாக்குவதைப் போர்க்குற்றம் என்கிறது. ஐ.நா. அமைதிப்பணிகளில் இந்தியா இதுவரை 160-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்துள்ளது.